மினிட்ஸ் புத்தகம் பூஜையில் இருந்த நாள்

தாம்பரத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். பாதி வண்டிகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அப்படியும் அந்த இரண்டு மாதங்கள் நான் கடற்கரை ஸ்டேஷன் வரை நின்றுகொண்டேதான் போனேன். உட்கார்ந்தால் பல்லாவரம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். ஒருநாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருக்கா, எவ்ளோ எடம் கீது. இன்னாத்துக்கு நின்னுகினே வர்ற?”

“பரவாயில்லம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றேன். தோளில் தொங்கிய பையில் ஒரு தாள் இருந்தது. “இந்த வழக்கிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன்” என்று நானே டைப் செய்த மெமோ. தினமும் அதை எடுத்துக்கொண்டு போனேன், தினமும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

நான் கம்பெனி சட்ட வக்கீல். எங்கள் சர்ச்சில் அம்மா இதைப் பெருமையாகச் சொல்வார், கேட்பவர்கள், “எந்தக் கம்பெனியில?” என்பார்கள். அம்மா, அப்பா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவர்களுக்கு இந்த வேலையைப் புரியவைக்கும் முயற்சியை நான் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. பங்குதாரர் வழக்கு என்றால் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் என்று நினைப்பீர்கள். என்னிடம் வருவது கல்யாண மண்டபம், ரைஸ் மில், லாரி புக்கிங் ஆபீஸ். அப்பா இருக்கும்வரை குடும்பம். அவர் போன பிறகு “நிறுவனம், அதன் உறுப்பினர்கள், எதிர்மனுதாரர்கள்”. சாப்பாட்டு இலையில் ஆரம்பித்த சண்டையை ஆங்கிலத்தில் பாரா பாராவாக எண் போட்டு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். நன்றாகவே எழுதுவேன்.

இது தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் இருக்கும் கல்யாண மண்டபம் ஒன்றின் கதை. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு காலத்தில் நெல் விளைந்த சொந்த நிலத்தில் ஒரு மனிதர் மண்டபம் கட்டினார். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு அதை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கினார். மகனுக்குப் பாதிப் பங்கு, மகளுக்குப் பாதிப் பங்கு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளையும் டைரக்டராக்கி, மண்டபத்தின் பக்கவாட்டு ஆபீஸ் அறையில் தன் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். அவர் காலமானதும் அண்ணன் பொறுப்பேற்றார். தங்கை கல்யாணமாகி நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார், அங்கேயே ஒரு ஆபீஸில் வேலை.

மூன்று வருடங்களுக்கு முன்பு கம்பெனி புதிய பங்குகள் வெளியிட்டது. எல்லாம் அண்ணனுக்கே போயின. தங்கையின் பாதி கால் பங்காகச் சுருங்கியது. பாதி இருக்கும்வரை அவரை டைரக்டர் பதவியிலிருந்து யாரும் நீக்க முடியாது. கால் பங்கானதும் நீக்கலாம்; நீக்கினார்கள். தங்கை கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போனார். கம்பெனிக்கு வக்கீலாக அண்ணன் என்னைப் பிடித்தார்.

தங்கையின் மனுவை முதல் முறை படித்தபோது ஓர் இடத்தில் எனக்கு எரிச்சலே வந்தது. “நான் பணம் கேட்கவில்லை. என் தந்தை எனக்குப் போட்டுக் கொடுத்த நாற்காலியைக் கேட்கிறேன்” என்று எழுதியிருந்தார்கள். இதையெல்லாம் மனுவில் எழுதுவார்களா? நானாக இருந்தால் அடித்திருப்பேன். ஆனால் வழக்கு மொத்தமும் அந்த வரிதான் என்று இப்போது தெரிகிறது. அவர் தோற்றால் அப்பாவின் கம்பெனியில் அவருக்கு இனி எந்தக் காலத்திலும் வாய் கிடையாது.

எங்கள் பக்கம் இருந்தது ஒரே ஒரு பக்கம். மீட்டிங்கில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தின் பக்கம். இன்ன தேதியில் போர்டு மீட்டிங் கூடியது, தங்கைக்கு முறையாக நோட்டீஸ் போனது, அவர் வரவில்லை, அவருக்குத் தருவதாகச் சொன்ன பங்குகளை அவர் ஏற்கவும் இல்லை, ஆகவே எல்லாம் அண்ணனுக்கே ஒதுக்கப்பட்டது. கீழே அதே தேதியில் அண்ணன் கையெழுத்து.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி சின்னக் கம்பெனிகளில் மீட்டிங் என்று எதுவும் நடக்காது. புருஷன், பெண்டாட்டி, தங்கச்சி மூன்று பேர் டைரக்டர்கள். காபி குடிக்கும்போது பேசினால் அதுதான் மீட்டிங். வருடத்துக்கு ஒரு தடவை கணக்கு தாக்கல் செய்கிற சமயத்தில் ஆடிட்டர் ஆபீஸில் யாராவது உட்கார்ந்து அந்த வருடம் “நடந்த” மீட்டிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் டைப் செய்வார்கள். தேதியைத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையா என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அந்தத் தாள்களைப் புத்தகத்தில் ஒட்டி, ஒரே பேனாவில், ஒரே மாலையில் எல்லாக் கையெழுத்தும். எனக்கு இது தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் அந்தப் பக்கத்தை வைத்து ஒரு பதில் மனு எழுதினேன். சும்மா சொல்லக்கூடாது, அபாரமான மனு. எதிர்த் தரப்பு வக்கீலே வராந்தாவில் பார்த்து, “டிராஃப்ட் பிரமாதம் மேடம்” என்றார். நான் அன்று முழுக்க மிதந்தேன்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “ஆபீஸ்ல பூஜை மேடம். நீங்க அவசியம் வரணும். பொரி வாங்கிக்கினு போங்க.” லீவு முடிந்ததும் ஒரு கூடுதல் அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. போகிற போக்கில் அதில் கையெழுத்தையும் வாங்கிவிடலாம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆபீஸ் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாம் அடுக்கியிருந்தது. மினிட்ஸ் புத்தகம், புக்கிங் டைரி, கம்பெனி சீல், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்டு போட்ட பேனாக்கட்டு, ஜெனரேட்டர் சாவி. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவர் மனைவி என் கையில் பொரியும் சுண்டலும் கொடுத்தார். நான் சாப்பிட்டுவிட்டு அபிடவிட்டை எடுத்து, என் பேனாவையும் நீட்டினேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். நான் ஏதோ பாம்பை நீட்டிய மாதிரி.

“இன்னிக்கா? ஐயையோ. இன்னிக்குப் பேனாவே தொட மாட்டோம் மேடம்.”

“ஒரு கையெழுத்துதானே சார்.”

“ஒன்னா இருந்தா இன்னா, நூறா இருந்தா இன்னா? எங்க அப்பா காலத்துலேருந்து இந்த வூட்ல இதான். புக்கு சாமி முன்னாடி போயிட்ச்சுன்னா நாளைக்குக் காலைல தான் எடுப்போம். ஒருதபா பேங்க் மேனேஜரே வந்து நின்னார். அப்பா போட மாட்டேன்னுட்டார்.”

எனக்குக் கொஞ்சம் கடுப்புதான். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பொரி, இரண்டு நாள் லீவு, அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது எங்கிருந்து அந்த நினைப்பு வந்தது என்று தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மீட்டிங் தேதி. அதுவும் அக்டோபர்தானே?

தேதி எனக்கு மனப்பாடம். அத்தனை தடவை டைப் செய்திருக்கிறேன். ஆயுத பூஜை வருடத்துக்கு வருடம் மாறும். நம்பரைப் பார்த்து யாருக்கும் தெரியாது. ரோட்டோரம் நின்றபடியே போனில் அந்த வருடத்துக் காலண்டரைத் தேடினேன். அதே நாள். கம்பெனி மீட்டிங் கூடி, தீர்மானம் போட்டு, புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டதாக நான் பிரமாணத்தோடு தாக்கல் செய்திருந்த நாள், அந்தப் புத்தகம் சந்தனம் பூசிச் சாமிக்கு முன்னால் இருந்த நாள்.

ஆட்டோ வந்து நின்று, “இன்னாம்மா, ஏற்றியா இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. தாம்பரம் வரை நடந்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் அண்ணனிடம் பேசத் துணிவு வந்தது. மண்டபத்தில் அன்று விசேஷம் எதுவும் இல்லை. காலி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. ஆபீஸ் அறையில் அவருக்கு எதிரே அந்தப் பழைய மர நாற்காலி. அதில் உட்காராமல் நின்றுகொண்டே தேதி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் தேதியை என் கையிலிருந்த காகிதத்தில் இரண்டு தடவை பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

“தேதி ஆடிட்டர் ஆபீஸ்ல போட்டது மேடம். அவங்க ஒட்டிக் குடுத்ததுல நான் கையெழுத்து வெச்சேன். அவ்ளோதான்.”

“அப்போ அன்னைக்கு மீட்டிங் நடக்கலை.”

“எந்த வருஷம் நடந்துச்சு?” அவர் குரல் ஏறியது. “பெயின்ட்டு அடிக்க நானு. கார்ப்பரேஷனுக்கு ஓட நானு. ஏசி ரிப்பேர்னு மாப்ள வூட்டுக்காரன் கையில திட்டு வாங்க நானு. அவ வருஷத்துக்கு ஒருதபா வந்து பொரி துன்னுட்டுப் போவா. அவளுக்குப் பாதியா?”

“அதெல்லாம் நியாயமா இருக்கலாம் சார். ஆனா நாம குடுத்த பேப்பர் பொய். திருத்தி ஒரு அபிடவிட் போடணும்.”

“அவங்க கண்டுபுடிச்சாங்களா?”

“இல்ல.”

“அப்ப வுடுங்க.” பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். “நீங்க யாருக்கு வக்கீலு மேடம்?”

“கம்பெனிக்கு.”

“கம்பெனின்னா நான்தான?”

இல்லை என்று எந்தப் பரீட்சையிலும் எழுதியிருப்பேன். கம்பெனி தனி நபர், டைரக்டர் வேறு, கம்பெனி வேறு, முதல் பாடமே அதுதான். ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர், எனக்கு போன் செய்பவர் அவர். “உங்க தங்கச்சியும்தான்” என்று முணுமுணுத்தேன். அவர் சிரித்தார். “யோசிக்கலாம், போங்க” என்றார். அந்த “யோசிக்கலாம்” என்பதைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று மாலையே அந்த மெமோவை டைப் செய்தேன். வழக்கிலிருந்து விலகுகிறேன், கட்சிக்காரருக்குத் தெரிவித்துவிட்டேன், இப்படிக்கு, என் கையெழுத்து. தேதியை மட்டும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு, மடித்துப் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. விலகினால் என்ன ஆகும்? இன்னொரு வக்கீல் வருவார். என் அபாரமான மனுவை வைத்தே வாதாடுவார். தங்கை தோற்பார். தங்கையிடமோ அவர் வக்கீலிடமோ நான் வாயைத் திறக்க முடியாது, கட்சிக்காரர் ரகசியம். விலகாவிட்டால், அதே பொய்யை நானே எழுந்து நின்று சொல்ல வேண்டும். விலகுவது சுத்தமான வழி என்று காலையில் தோன்றும். அது என் கையை மட்டும் கழுவிக்கொள்ளும் வழி என்று சாயங்காலம் தோன்றும். சாதம் வைத்துவிட்டு விசில் எண்ண மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

“என்ன ஆச்சு உனக்கு? சேர்ல முள்ளா வச்சிருக்கு?” என்று என் கணவர் கேட்டார்.

“ஒரு கேஸ்.”

“ஜெயிக்கிற கேஸா, தோக்கிற கேஸா?”

“ஜெயிக்கிற கேஸ்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபத்தில் அவர் மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

மூன்று வாய்தாக்கள் போயின. மூன்று தடவையும் மெமோ பையிலேயே இருந்தது. மூன்றாவது வாய்தாவில் தீர்ப்பாயம், மினிட்ஸ் புத்தகத்தின் நகல் போதாது, அசலைக் கொண்டுவந்து மனுதாரருக்குக் காட்டுங்கள் என்றது. மறு வாரம் தீர்ப்பாய வராந்தாவின் கோடியில் ஒரு மேஜை. ஒரு பக்கம் அண்ணனும் நானும், எதிரே தங்கையும் அவர் வக்கீலும். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் நின்று இரண்டு வருடம் ஆகியிருக்கும். இருவரும் மேஜையையே பார்த்தார்கள்.

அண்ணன் துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தார். சிவப்புத் துணி அட்டை. வருடா வருடம் வைத்த சந்தனம் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, மூலைகள் மஞ்சளாக இருந்தன.

தங்கையின் வக்கீல் பக்கத்தைப் புரட்டச் சொன்னார். தங்கை புரட்டவில்லை. அட்டையில் இருந்த சந்தனத்தை விரலால் தொட்டார். பிறகு, அவருக்கு என்ன தோன்றியதோ, “சார், அந்த மீட்டிங் தேதி என்ன, இன்னொருவாட்டி சொல்லுங்க” என்று தன் வக்கீலைக் கேட்டார். அவர் சொன்னார். தங்கை போனை எடுத்து, பழைய போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

போனை மேஜை மேல் வைத்தார். சரஸ்வதி படம். கீழே இதே புத்தகம், சீல், பேனாக்கட்டு. ஓரத்தில் ஒரு குழந்தையின் கை, கை நிறைய பொரி.

“இது நீ சொல்ற அதே நாள்ணா” என்றார் தங்கை. குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்க முடியவில்லை. “நான் வரலன்னு எழுதியிருக்க. நான் வந்திருந்தேனே. பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்தேன். புக்க சாமி முன்னாடி வெச்சதே நான்தானே.”

அவர் வக்கீல் உஷாராகிவிட்டார். “மேடம், நீங்க பேசாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஒன்னே ஒன்னு சொல்லுண்ணா. நான் போனப்புறம் புக்க எடுத்தியா? அப்பா ஆரம்பிச்சு வெச்ச பூஜைலேருந்து புக்க எடுத்து இத எழுதினியா?”

எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் பக்கம் தப்பித்துவிடும். தங்கை போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங் வைத்தோம், புத்தகத்தை எடுத்தோம், எழுதினோம். போட்டோவெல்லாம் ஒன்றும் செய்யாது. அந்தப் பதில் எனக்கே ஒரு நொடியில் தோன்றிவிட்டது, வாக்கியமாகவே தோன்றியது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இப்படியும் சொல்லவில்லை, அப்படியும் சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எடுக்கலம்மா” என்றார் அவர். “சத்தியமா எடுக்கல. மறுநாள் காலைலதான் எடுத்தேன்.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்தது. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. தங்கையின் பாதியை எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வந்தது. பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்தவன் என்று தங்கை நினைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. தங்கை அழுதார். அண்ணன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாப்பா எத்தினியாவது படிக்குது?” என்று கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. இரு தரப்பும் சேர்ந்து சமரச மனு போட்டோம். புதிய பங்குகள் ரத்து, பாதிக்குப் பாதி, தங்கை மறுபடியும் டைரக்டர். என் பதில் மனு வாபஸ். உத்தரவு வந்த அன்று லிஃப்ட் பக்கத்தில் தங்கை என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். நீங்கதான் அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லியிருக்கணும். இல்லன்னா அவரு அப்படி ஒத்துக்கற ஆளே இல்ல.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “நல்லா இருங்கம்மா” என்றேன்.

திரும்பும் ரயிலில் உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவை. டிக்கெட்டுக்காகப் பையைத் துழாவியபோது அந்த மெமோ கையில் வந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. பிரித்துப் படித்தேன். கீழே என் கையெழுத்து. தேதி போடும் இடம் காலி.

எதற்காக அதைக் காலியாக விட்டேன் என்று எனக்குத் தெரியும். விஷயம் வெளியே வந்தால், அதற்கு முன்பே விலகிவிட்டேன் என்று ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் கிழித்துப் போடலாம். அந்த அண்ணனாவது ஆடிட்டர் ஆபீஸ் போட்ட தேதியில்தான் கையெழுத்து வைத்தார். அவரிடம் ஒருத்தி நேருக்கு நேர் கேட்டாள், அவர் உண்மையைச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை.

மாம்பலத்தில் ஒரு கூட்டம் ஏறியது. எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன்.